கறிக்கடை அண்ணாச்சிமார்களே, அந்த மூட்டை எங்கே போகிறது?

வாகைகுளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கோழிக்கடை, ஆட்டுக்கறிக் கடை, மீன்கடை நடத்தும் அண்ணாச்சிமார்களுக்கும், அந்த ஊராட்சிகளின் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கும்,

அக்டோபர் மாதக் கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு தீர்மானம் கேட்டேன். கறிக்கடைக் கழிவை ஓடையிலும் குளத்துக்கரையிலும் கொட்டுவது நிற்க வேண்டும், தினமும் மூடிய வண்டியில் அள்ள ஏற்பாடு வேண்டும், ஏனென்றால் நம் தலைக்கு மேலே விமானம் இறங்குகிறது என்றேன். முன்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. "பருந்தையெல்லாம் பிடித்துக் கூண்டில் அடைக்கச் சொல்கிறாரா?" என்று ஒருவர் கேட்டார். "அது விமான நிலையத்துக்காரர்கள் பாடு" என்று சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குப் போனார்கள். தெருவிளக்கைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். நான் பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரியாகக்கூட ஏறவில்லை. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பழி அந்த ஓர் ஊர்மேல் விழும், மற்ற ஊர்கள் கையைக் கழுவிக்கொள்ளும். நான்குவழிச் சாலையில் பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடி வரை ஒரு திங்கட்கிழமை காலையில் போய் வாருங்கள். எந்த இடத்தில் எத்தனை மூட்டை கிடக்கிறது என்று மூக்கே சொல்லிவிடும்.

இதைப் பேச இவன் யார் என்று கேட்பீர்கள். கயத்தாறு பக்கம் பிறந்தவன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட பழைய ஓடுதளம் அங்கே கிடந்தது. நாங்கள் அதில் ஆடு மேய்த்தோம், பந்து விளையாடினோம். விமானம் ஒன்றையும் நான் அங்கே பார்த்ததில்லை. ஆனால் அந்தத் தார்த் தரையில் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்த பழக்கம்தான் என்னைப் பதினெட்டு வயதில் விமானப்படைக்குக் கொண்டுபோனது என்று நினைக்கிறேன். தாம்பரத்தில் பயிற்சி. பிறகு இருபது ஆண்டுகள் என்ஜின் பிரிவில் வேலை. நான் பறந்தவன் இல்லை. பறந்து திரும்பியவற்றைப் பிரித்துப் பார்த்தவன்.

அதில் பெரும்பகுதி மிக்-21. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் அந்த விமானத்துக்கு விடைகொடுத்தபோது தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதற்கு ஒரே என்ஜின். காற்று இழுக்கும் வாய் மூக்கிலேயே இருக்கும். எதிரே வருவது எதுவானாலும் நேராக உள்ளேதான் போகும். வடக்கே நான் இருந்த ஒரு தளத்தில், ஒரு நாள் காலையில், தரையை விட்டு எழும்பிச் சில நொடிகளே ஆன விமானத்தின் வாய்க்குள் ஒரு பருந்து போய்விட்டது. விமானி இளைஞர். எப்படியோ சுற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். ஏணியில் இறங்கியவர் யாரிடமும் பேசாமல் ஓரமாகப் போய் உட்கார்ந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

என்ஜினைக் கழற்றியது நாங்கள். காற்றை அழுத்தும் தகடுகள், ஒவ்வொன்றும் கத்தி போல நேராக இருக்க வேண்டியவை, குழந்தை வளைத்துப் போட்ட கரண்டி போல நெளிந்திருந்தன. இடுக்குகளில் இறகும் எலும்பும். அதைவிட வாடைதான். இறகும் தோலும் தீயில் பொசுங்கிய வாடை. நாட்டுக்கோழியை உரித்து, தீயில் வாட்டி, மஞ்சள் தேய்ப்பீர்களே, அதே வாடை. ஊருக்கு வந்து உங்கள் கடைவாசலில் நிற்கும்போதெல்லாம் மற்றவர்களுக்குப் பசி எடுக்கும். எனக்கு அந்த என்ஜின் கூடம் ஞாபகத்துக்கு வரும். அதற்காகக் கறி தின்பதை விட்டுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நானும் நிற்கிறேன் என்பது உங்களுக்கே தெரியும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். கரும்பருந்து ஒன்றின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோ. உங்கள் தராசில் வைத்தால் சின்னக் கோழி என்று ஒதுக்கிவிடுவீர்கள். விமானம் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் அதன்மேல் மோதினால், ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டை ஒரு மாடி உயரத்திலிருந்து விழும் அடிக்குச் சமம். அது விழுவது தரையில் இல்லை, சுழலும் தகட்டிலோ விமானியின் முகத்துக்கு முன்னால் உள்ள கண்ணாடியிலோ. வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்காகும்.

இறங்கும் விமானம் வழக்கமாக மூன்று டிகிரிச் சரிவில் வரும். ஓடுதளத்துக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கும்போது அதன் உயரம் ஏறத்தாழ 520 மீட்டர். ஐந்து கிலோமீட்டரில் 260. இரண்டு கிலோமீட்டரில் 105. வெயில் ஏறிய பிறகு சூடான காற்றில் சிறகு அசைக்காமல் பருந்துகள் வட்டமிடுவதும் இதே உயரத்தில்தான். நம் ஓடுதளம் ஏறத்தாழக் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. விமானம் வழக்கமாகக் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது அது எழும்பி வருவது எந்த ஊர்களின் மேலே என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அம்மன் கோயில் கொடைகளும் கிடா வெட்டும் நடக்கிற மாதமும் அதுதான்.

என் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் அந்த ஓடை தெரியும். ஒரு புதன்கிழமை மாலையில் ஏழு பருந்துகளை எண்ணினேன். அடுத்த ஞாயிறு மாலையில் நாற்பது வரை எண்ணிவிட்டு, அவை ஒன்றோடொன்று குறுக்கே சுற்றியதால் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஞாயிறு காலை வியாபாரம் முடிந்ததும் மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு வரும் மூட்டைகளையும் பார்த்திருக்கிறேன். வண்டியை நிறுத்துவதுகூட இல்லை. ஓட்டிக்கொண்டே எட்டி உதைத்துத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். கடையில் நிற்கும் பையனுக்கு முதலாளி சொன்னது "எங்கேயாவது போட்டுவிட்டு வா" என்பதுதான். அந்த "எங்கேயாவது" என்பது விமானப் பாதையின் அடியில் இருக்கிறது.

சென்ற ஆண்டு என் மகள் சென்னையிலிருந்து வந்தாள். நான் வெளியே காத்திருந்தேன். விமானம் தாழ்ந்து வந்தது, சக்கரம் தரையைத் தொடப்போகிறது என்று நினைத்த நேரத்தில் உறுமிக்கொண்டு மேலே ஏறிவிட்டது. சுற்றி வந்து இறங்கக் கால் மணி நேரம் ஆனது. ஓடுதளத்தில் பறவைக் கூட்டம் என்று விமானி அறிவித்தாராம். அவர் செய்தது மிகச் சரி. ஆனால் பக்கத்தில் நின்ற டாக்சி ஓட்டுநர்கள் யாரும் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பழகிவிட்டது போலும்.

இன்னும் பழகக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. 1992இல் தொடங்கிய இந்த நிலையத்தின் ஓடுதளம் 1,350 மீட்டர்தான் இருந்தது. இரட்டை விசிறி வைத்த ஏடிஆர் விமானங்கள் வந்துபோயின. அதை 3,115 மீட்டராக நீட்டும் திட்டத்தோடு, புதிய முனையத்தை 2025 ஜூலை 26 அன்று பிரதமர் திறந்துவைத்தார். ஏர்பஸ் 321 போன்ற பெரிய விமானங்களுக்கான ஏற்பாடு இது. நமக்குப் பெருமைதான்; நெல்லைக்காரனும் தூத்துக்குடிக்காரனும் மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் காரில் ஓடவேண்டியதில்லை. ஆனால் அந்த விமானத்தின் என்ஜின் வாய் ஓர் ஆள் உள்ளே நிற்கும் அளவுக்கு அகலமானது. வேகமும் அதிகம்.

என்ஜின் செய்பவர்கள் பறவையைச் சோதித்துத்தானே அனுப்புகிறார்கள் என்று படித்த தம்பி ஒருவர் கேட்டார். உண்மை. இறந்த பறவையைக் காற்றுத் துப்பாக்கியால் ஓடும் என்ஜினுக்குள் சுட்டுப் பார்ப்பார்கள். ஆனால் பெரிய பறவை ஒன்று போனால் என்ஜின் தீப்பிடிக்காமல், சிதறாமல் நின்றால் போதும் என்பதே அந்தச் சோதனை. தொடர்ந்து ஓடவேண்டும் என்பதல்ல. ஒன்று நின்றால் இன்னொன்று இருக்கிறது. இரண்டிலும் போனால்?

2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவான் நிலையத்தில் அதுதான் நடந்தது. இறங்க வந்த விமானத்தின் இரண்டு என்ஜின்களிலும் ஒரு வகை வாத்தின் இறகும் இரத்தமும் கிடைத்தன. சக்கரம் இறங்காமல் வயிற்றால் சறுக்கி, ஓடுதளத்துக்கு அப்பால் இருந்த கான்கிரீட் மேட்டில் மோதியது. 181 பேரில் இருவர் மட்டுமே பிழைத்தார்கள். அந்த மேடு அங்கே இருந்தது பெரிய தவறு, அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி பறவை.

விசிறி வைத்த விமானத்துக்கு ஆபத்தில்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1960 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவின் பாஸ்டனில் நான்கு விசிறி வைத்த எலக்ட்ரா விமானம் எழும்பியவுடன் மைனா அளவே உள்ள சிறு பறவைக் கூட்டத்தில் புகுந்தது. 62 பேர் இறந்தார்கள். என்ஜின்களுக்குப் பறவைச் சோதனை விதிகள் வந்ததே அதற்குப் பிறகுதான். ராணுவத்துக்காரனாக எனக்கு உறுத்துவது 1996இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் தளத்தில் நடந்தது. ஓர் இசைக்குழுவை ஏற்றிவந்த ராணுவ ஹெர்குலிஸ் விமானம் பறவைக் கூட்டத்தில் சிக்கி விழுந்து 34 பேர் இறந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஆள்காட்டி இனப் பறவைகளும் இருந்தன. நம் வயலில் கத்தும் அதே இனம். நம் நாட்டில் 2022 ஜூன் 19 அன்று பாட்னாவில் 185 பயணிகளோடு எழும்பிய விமானத்தில் பறவை மோதி, ஒரு என்ஜினில் தீ தெரிந்து, திரும்பி வந்து இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால் நாமும் மறந்துவிட்டோம்.

பறவை எங்கேதான் இல்லை என்று கிராம சபையில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. மழைக்குப் பிறகு புல்வெளியில் புழு தேடும் ஆள்காட்டிக்கும் கொக்குக்கும் நீங்கள் பொறுப்பல்ல. புல்லை வெட்டிப் பராமரிப்பதும் பட்டாசு போட்டு விரட்டுவதும் நிலையத்தின் வேலை. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வரும் நாரைகளையும் நான் குற்றம் சொல்லவில்லை. அவை தம் வழியில் வந்து தம் வழியில் போகும். நான் பேசுவது அழைப்பு வைத்து வரவழைக்கப்படும் பறவையைப் பற்றி. என் சிறுவயதில் செத்த மாட்டை ஊருக்கு வெளியே போட்டால் பிணந்தின்னிக் கழுகுகள் ஒரே நாளில் எலும்பை மட்டும் விட்டுவைக்கும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து அந்தக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கொன்றது. 2006இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள்; அதற்குள் கழுகுகள் ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டன. இன்று அவற்றின் பந்தியில் உட்கார்ந்திருப்பவை பருந்தும் தெருநாயும். பந்தி போடுவது நாம்.

கூந்தன்குளத்தில் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருக்கிறார்கள் மக்கள். நம் சீமையின் மக்கள்தான். பறவைக்காகத் தீபாவளியையே அடக்கி வாசிக்கிறவர்கள் இருக்கும் மண்ணில், ஒரு டிரம்முக்கு மூடி போட முடியாது என்று நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவமனைக் கழிவை நெல்லை மாவட்டத்து நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கொட்டிவிட்டுப் போனார்கள் என்று நாம் எல்லோரும் கொதித்தோம். பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. கேரள அரசே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. அன்று டீக்கடையில் என்னைவிட உரக்கப் பேசியவர்களின் கடை மூட்டை இன்று அந்த ஓடையில் கிடக்கிறது. அடுத்தவன் கொட்டினால் அநியாயம், நாம் கொட்டினால் வழக்கமா?

சட்டம் தெரியாது என்றும் சொல்ல வேண்டாம். 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 91ஆவது விதி தெளிவாக இருக்கிறது. விமான நிலையத்தின் மையத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தொலைவுக்குள், பறவைகளையும் விலங்குகளையும் ஈர்க்கும்படி விலங்கை வெட்டுவதோ தோலுரிப்பதோ, குப்பையோ கறிக்கடை, மீன்கடைக் கழிவோ போடுவதோ கூடாது. 314 சதுர கிலோமீட்டர் பரப்பு அது. உங்களில் பெரும்பாலோர் அந்த வட்டத்துக்குள் இருக்கிறீர்கள். இதைக் காட்டி உங்கள் கடைகளை மூடச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. எந்தச் சமூகத்தின் தொழிலையும் எந்த மதத்தின் உணவையும் நான் பேசவில்லை. அப்படித் திருப்பிவிட யாராவது முயன்றால் முதலில் எதிர்த்து நிற்பவன் நானாக இருப்பேன். கடை இருக்கட்டும். மூட்டைதான் பிரச்சினை.

விமானத்துக்கு ஆயிரம் ஆபத்து இருக்கும்போது இவர் கோழிக் குடலைப் பிடித்துத் தொங்குகிறார் என்று நினைப்பீர்கள். இருக்கின்றன, எனக்கும் தெரியும். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் 260 உயிர்கள் போயின. அதே ஆண்டு ஜனவரியில் வாஷிங்டனில் ராணுவ ஹெலிகாப்டரும் பயணிகள் விமானமும் ஒரே வானத்தில் முட்டிக்கொண்டு 67 பேர் ஆற்றில் விழுந்து மாண்டார்கள். விமானப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் இயக்குநரகத்தில் 1,063 பணியிடங்களில் 553 மட்டுமே நிரம்பியிருப்பதாக நாடாளுமன்றக் குழு 2025 ஆகஸ்டில் சொன்னது. விமானிகளுக்கு வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கிய விதிகளோடு இரவுப் பணிக்கும் கட்டுப்பாடு வந்தது. 2025 டிசம்பரில் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானதும் அதில் ஒரு பகுதியைத் தளர்த்திக் கொடுத்தார்கள். தூக்கம் கெட்ட விமானியை நினைத்தால் எனக்கும் தூக்கம் கெடுகிறது. எல்லையோரத்தில் போலி ஜிபிஎஸ் சமிக்ஞையால் விமானத்துக்குத் தன் இடமே குழம்புகிறது. இவற்றையெல்லாம் டெல்லியில் கேட்க வேண்டும், கேட்கிறவர்கள் கேட்கிறார்கள். என் தெருவில் இருந்துகொண்டு நான் கேட்கக்கூடியது உங்களைத்தான். களைத்துப்போன ஒரு விமானி, ஆட்கள் குறைந்த ஒரு கட்டுப்பாட்டுக் கோபுரம், இவற்றுக்கு மேல் நாற்பது பருந்துகளையும் அந்த நேரத்தில் நாம் சேர்த்து வைக்க வேண்டுமா?

ஆகவே நான் கேட்பது இவை.

அண்ணாச்சிமார்களே, கடைக்கு இரண்டு மூடி போட்ட டிரம் வையுங்கள். இரத்தம், குடல், தலை, இறகு எல்லாம் அதில்தான் போக வேண்டும். இரவோடு இரவாக மொபெட்டில் போகக் கூடாது. தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கும் குட்டைகளுக்கும் விற்காதீர்கள், அது வேறொரு கேடு. கழிவை வேகவைத்துக் கொழுப்பைப் பிரித்துத் தீவனப் பொடியாக்கும் தொழில் இருக்கிறது. ஒரு கடைக்காக அவர்கள் வண்டி அனுப்பமாட்டார்கள். பத்து ஊர்க் கடைகள் ஒன்றுசேர்ந்து சங்கமாகப் பேசுங்கள். செலவு ஆகும் என்றால் கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏற்றிக்கொள்ளுங்கள். எதற்கு என்று பலகையில் எழுதிப் போடுங்கள். முதல் ஆளாக நான் தருகிறேன்.

ஊராட்சிப் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளே, தூய்மைக் காவலர்களின் பேட்டரி வண்டி வீட்டுக் குப்பைக்கு வருகிறது, கறிக்கடைக்கு வருவதில்லை. ஞாயிறு மாலையிலும் திங்கள் காலையிலும் மூடிய தனி வண்டி வேண்டும். ஆலைக்குப் போகும் ஏற்பாடு வரும்வரை, நீரோட்டத்திலிருந்து விலகிய இடத்தில் ஆழமான குழி, சுண்ணாம்பு, மேலே மண். தூய்மைக் காவலர்களுக்குக் கையுறையும் காலணியும் கொடுக்காமல் இந்த வேலையை அவர்கள் தலையில் கட்டக் கூடாது. ஓடையில் இப்போது கிடப்பதை முதலில் அள்ளுங்கள். கொடைக் காலத்துக்கு ஒரு மாதம் முன்பே கோயில் நிர்வாகிகளை அழைத்து, கிடாக் கழிவு எங்கே போகும் என்பதை எழுத்தில் முடிவு செய்யுங்கள். 91ஆவது விதியைத் தமிழில் எழுதி ஒவ்வொரு கடை முன்னாலும் ஒட்டுங்கள். விமான நிலையத்திலிருந்து பொறுப்பான ஒருவரை ஒருமுறையாவது கிராம சபைக்கு அழையுங்கள். கடைக்காரர்களையும் ஒருநாள் ஓடுதள வேலிவரை கூட்டிப்போய்க் காட்டச் சொல்லுங்கள். பார்த்தால் புரிந்துகொள்வார்கள், என் பேச்சைவிட அது பலிக்கும்.

வரும் ஜனவரி 26 கிராம சபையில் இந்தத் தீர்மானத்தை மீண்டும் கேட்பேன். இந்த முறை ஏற்கிறோம் என்றோ மறுக்கிறோம் என்றோ புத்தகத்தில் எழுத வேண்டும். மறுத்தால் காரணத்தோடு எழுத வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்குவேன்.

அதற்கு முந்தைய ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வழக்கம்போல அரைக் கிலோ கறிக்கு உங்கள் கடைவாசலில் நிற்பேன். டிரம் இருக்கிறதா, மூடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசு எடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் ஞாயிற்றுக்கிழமை வாடிக்கையாளர்,
ஓய்வுபெற்ற விமானப்படை என்ஜின் பணியாளர்